நான் ஓடிப்போன எலெக்ஷன்

எலெக்ஷனில் 'நிற்கிறார்கள்' என்று சொல்கிறார்களே, அந்த ஒரு சொல்லை நம்பித்தான் நான் இந்தத் தொழிலில் இறங்கினேன். நிற்பதில் எனக்கு நல்ல அனுபவம் உண்டு. ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டையில் ஃபோன் தயாரிக்கிற ஒரு கம்பெனியில், ஷிஃப்ட் முழுக்க நின்றபடியே ஸ்க்ரூ முடுக்குகிறவள் நான். இதென்ன பெரிய வேலை, போய் நின்றால் போகிறது என்று நினைத்துவிட்டேன். இறங்கிய பிறகுதான் தெரிந்தது, அதில் நடக்கலாம், கும்பிடலாம், வெயிலில் வேகலாம், கண்டவர் வீட்டு டீயைக் குடித்து வயிற்றைக் கெடுத்துக்கொள்ளலாம், நிற்க மட்டும் நேரம் கிடைக்காது. என்னைப்போல் எங்காவது நின்று அவதிப்பட்டவர்கள், ஒரு சங்கத்திலோ அபார்ட்மென்ட் கமிட்டியிலோ நின்றவர்களாக இருந்தாலும் சரி, இதைப் படித்து ஆறுதல் அடையலாம். நிற்காதவர்கள் சிரித்துவிட்டுப் போங்கள்.

நான் நின்றது எம்.பி.டி.சி. பதவிக்கு. சத்தியவேடு மண்டல பரிஷத்தில் எங்கள் ஊருக்கும் பக்கத்து ஊர்களுக்கும் சேர்த்து ஒரு மெம்பர். தமிழ்நாட்டுக்காரர்கள் ஒன்றியக் கவுன்சிலர் என்று வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் ஊர் ஆந்திராவில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி இருக்கிறது. வீட்டில் தமிழ், ஆபீசில் தெலுங்கு, சண்டை வந்தால் இரண்டும்.

வீட்டில் நிற்காதவள்

எல்லாவற்றுக்கும் காரணம் ஓர் ஓடை. எங்கள் ஊருக்கும் மெயின் ரோட்டுக்கும் நடுவில் ஓடுகிறது. வெயில் காலத்தில் அதில் ஆடு மேயும். மழை பிடித்துவிட்டால் இடுப்பளவு தண்ணீர். கம்பெனி பஸ் அக்கரையில் நின்று ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டுப் போய்விடும். மழைக்கு லீவு போட்டால் சூப்பர்வைசர் முறைப்பார், லீவு அதிகமானால் வேலையும் லீவாகிவிடும். போன மழையில் என் தங்கை மலருக்கு அப்படித்தான் வேலை போனது. அடுத்த மழையில் யாருக்குப் போகும் என்று பஸ்ஸில் பேசிக்கொள்வோம். அது நானாக இருக்கவே வாய்ப்பு அதிகம், ஏனென்றால் எங்களில் நான்தான் குள்ளம். மற்றவர்களுக்கு இடுப்பளவு என்றால் எனக்கு நெஞ்சளவு.

அந்த ஓடையின் மேல் ஒரு கல்வெர்ட்டு, அதாவது சின்னப் பாலம், கேட்டு மண்டல ஆபீசுக்கு நடையாய் நடந்தோம். மெம்பர் வந்து கேட்கட்டும் என்றார்கள். மெம்பர் ரமணய்யா பெரிய கட்சிக்காரர். யாரைப் பார்த்தாலும் 'செல்லெம்மா', அதாவது தங்கச்சி, என்று வாய் நிறையக் கூப்பிடுவார், அதற்கு மேல் எதுவும் செய்யமாட்டார். அப்படியானால் நானே மெம்பர் ஆகிவிட்டால் என்ன என்று ஒருநாள் ஸ்க்ரூ முடுக்கும்போது தோன்றிவிட்டது. அந்த நிமிஷம் கரண்ட் போயிருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை.

என் வீட்டுக்காரர் தேவராஜுக்குச் சம்மதம். அவர் ஸ்ரீசிட்டியில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். சொந்த ஊர் தமிழ்நாட்டு ஊத்துக்கோட்டை, கல்யாணத்துக்குப் பிறகு எங்கள் ஊரோடு வந்துவிட்டவர். மகனை எல்லை தாண்டிக் கூட்டிக்கொண்டு போனவள் என்று என் மாமியாருக்கு என்மேல் ஏற்கெனவே ஒரு வருத்தம் உண்டு. எலெக்ஷன் விஷயத்தை ஃபோனில் சொன்னோம். கேட்டு முடித்ததும் அத்தை மகனிடம் சொன்னார்:

"டேய் தேவா, எலெக்ஷன்ல நிக்கறவ வூட்ல நிக்க மாட்டாடா. அப்பால எங்கிட்ட வந்து அழுவாத."

பேரில்லாத வீடு

நாமினேஷன் போடப் போனோம். தெலுங்குக்காரர்கள் பேருக்கு முன்னால் 'இண்டிபேரு' போடுவார்கள். குடும்பப் பெயர். தமிழ்க் குடும்பங்களுக்கு அது கிடையாது, அப்பா பேரின் முதல் எழுத்தோடு நாங்கள் திருப்திப்படுகிற ஜாதி. பள்ளிக்கூடத்திலிருந்தே இந்தத் தொல்லை எனக்குப் பழக்கம் என்பதால் பதில் தயாராக வைத்திருந்தேன். ஆனால் அந்த நேரம் பார்த்து எனக்குத் தும்மல் வந்துவிட்டது. ஆபீசர் இண்டிபேரு என்ன என்று கேட்டதும் என் வீட்டுக்காரர் முந்திக்கொண்டார். அவருக்கு அப்போது தெரிந்த தெலுங்கில் 'இண்டி' என்றால் வீடு, 'பேரு' என்றால் பேர்.

"வூட்டுக்குப் பேர் எதுவும் வெக்கல சார். காலனி வூடு. டோர் நம்பர் வேணா சொல்றேன்" என்றார் ரொம்பப் பணிவாக. ஆபீசர் பேனாவைக் கீழே வைத்தார். நான் மூக்கைத் துடைத்துக்கொண்டு விளக்குவதற்குள், பேர் வைப்பதாக இருந்தால் 'கௌரி இல்லம்' என்று வைக்கலாம் என இவர் மனைவிப் பாசத்தில் ஒரு யோசனையும் சொல்லி முடித்துவிட்டார். பின்னால் வரிசையில் நின்றவர்கள் சிரிக்க ஆரம்பித்தார்கள். ஆபீசர் மட்டும் சிரிக்கவில்லை. என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"பேரே இல்லாத இண்டி நுஞ்சி எலெக்ஷனுக்கு வந்தீராம்மா?"

சீப்பு

சுயேச்சைகளுக்கு மிச்சம் மீதி சின்னம்தான் கிடைக்கும். எனக்குக் கிடைத்தது சீப்பு. அதில் குற்றம் சொல்ல எதுவும் இல்லை, எல்லார் வீட்டிலும் இருக்கிற சாமான். ஆனால் என் வீட்டுக்காரருக்குத் தலையில் ஒரு முடி கிடையாது. கையில் அட்டைச் சீப்பைத் தூக்கிக்கொண்டு மத்தியான வெயிலில் தலை பளபளக்க அவர் முன்னால் நடப்பார், நான் கும்பிட்டபடி பின்னால் வருவேன். இரண்டு நாளில் எங்களைப் பார்க்கவே குழந்தைகள் தெருவுக்கு வர ஆரம்பித்தன. ஓட்டு இல்லாதவர்களிடம் எனக்கு இருந்த செல்வாக்கு வேறு யாருக்கும் இருந்திருக்காது.

பக்கத்து ஊரில் தெலுங்குத் தெரு. சீப்புக்குத் தெலுங்கில் 'துவ்வென' என்று பேர். அது எனக்குத் தெரியும், தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். ஆனால் தொண்டை கட்டி, நாக்கு உலர்ந்து, பத்து வீட்டுக்கு ஒருமுறை பாஷை மாற்றிக்கொண்டே போனால் என்ன ஆகும்? "சீப்பு குர்த்துக்கே மீ ஓட்டு!", அதாவது சீப்புச் சின்னத்துக்கே உங்கள் ஓட்டு, என்று தெரு முழுக்கக் கத்திக்கொண்டே போயிருக்கிறேன். தெலுங்குக் காதுக்குச் 'சீப்பு' என்றால் மலிவு, 'அந்த' என்றால் அவ்வளவு. கடைசி வீட்டில் பூ கட்டிக்கொண்டிருந்த அம்மாள் தலையை நிமிர்த்திக் கேட்டார்:

"ஏம்மா, மா ஓட்டு அந்த சீப்பா?"

திருப்பதி நோட்டீஸ்

தமிழில் நோட்டீஸ் அடிக்கத் திருப்பதிக்குப் போனேன். பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு பிரஸ். கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருந்த தம்பி தமிழை எழுத்துக்கூட்டி, ஆனால் ரொம்ப நம்பிக்கையோடு படிப்பவர். 'நம் ஓடையின் மேல் கல்வெர்ட்டு அமைப்பேன்' என்று எழுதிக் கொடுத்தேன். நோட்டீஸ் வந்தபோது 'நம் ஓடையின் மேல் கல்வெட்டு அமைப்பேன்' என்றிருந்தது. கேட்டதற்கு, நான் எழுதியதில் தப்பு இருந்தது, கம்ப்யூட்டரே திருத்திவிட்டது, அதற்குத் தனியாக எதுவும் கேட்கவில்லையே என்றார்.

மறுபடி அடிக்க வசதியில்லை. பேனாவால் ஒவ்வொன்றாகத் திருத்தலாம் என்று உட்கார்ந்து, பாதியில் தூங்கிவிட்டேன். திருத்தாத பாதியை என் வீட்டுக்காரர் காலையில் கொடுத்துத் தீர்த்துவிட்டார். ஊரில் யாரும் சண்டைக்கு வரவில்லை என்பதுதான் ஆச்சரியம். ஆடு மேய்க்கிற கன்னியப்பன் மாமா மட்டும் நோட்டீசை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, சாயங்காலம் வீடு தேடி வந்தார். கொஞ்சம் கூச்சப்பட்டுக்கொண்டே கேட்டார்:

"அந்தக் கல்வெட்டுல எங்க நைனா பேரையும் ஒரு ஓரமா போடுவியாம்மா? அவுரும் அந்த ஓடைலதான் போனாரு."

நான் சிரிக்கத் தயாராக இருந்தேன். முடியவில்லை. அவருடைய அப்பா வெள்ளத்தில் போன கதை ஊரில் எல்லாருக்கும் தெரியும், நோட்டீஸ் எழுதியபோது எனக்கு மட்டும் ஞாபகம் வரவில்லை. எனக்குப் போகப்போவது வேலை, அவருக்குப் போனது அப்பா. அன்றைக்குத்தான் ஜெயித்தே ஆகவேண்டும் என்று முதல்முறையாக நிஜமாக ஆசைப்பட்டேன்.

ஆடு மேய்கிற இடம்

போட்டியிலிருந்து ஒதுங்கிக்கொள்ளச் சொல்லி ரமணய்யாவே ஒருநாள் வந்தார். புல்லட்டில் வந்தார், நேராக ஓடையில் இறங்கி, ஆடுகளுக்கு நடுவில் வண்டியை நிறுத்தி, அங்கிருந்தே என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். கல்வெர்ட்டுக்காகத்தான் நிற்கிறேன், நீங்கள் கட்டிக்கொடுத்தால் இப்போதே ஒதுங்கிக்கொள்கிறேன் என்று பேசி முடித்தேன். அவர் மெதுவாக நான்கு பக்கமும் பார்த்தார். காலால் மணலைத் தட்டிப் பார்த்தார். உண்மையான அக்கறையோடுதான் கேட்டார் என்று இன்றைக்கும் நம்புகிறேன்:

"இக்கட தண்ணியே லேது கதா செல்லெம்மா, கல்வெர்ட்டு எதுக்கு?"

ஆளுக்கு ஒரு குத்து

ஓட்டுப்பதிவு அன்று காலையில் எனக்கு நானே ஓட்டுப் போட்டேன். எங்கள் ஊரில் சீட்டில் முத்திரை குத்திப் பெட்டியில் போடுகிற முறை. மறைப்புக்குள் போய் என் பேரைத் தெலுங்கில் பார்த்த பரபரப்பில், பக்கத்துச் சின்னமான டார்ச் லைட்டின் மேல் குத்தப் போனேன். நல்லவேளை, மூச்சைப் பிடித்துக்கொண்டு சீப்பின் மேலேயே குத்திவிட்டேன். வெளியே வந்தபோது ஏதோ ஆபரேஷன் முடிந்து வந்த மாதிரி இருந்தது.

எனக்கு நம்பிக்கையான ஓட்டு என்றால் அது என் சின்னம்மாவுடையது. என்னைத் தூக்கி வளர்த்தவர், ஊர் ஊராக எனக்காகத் தொண்டை வற்றப் பேசியவர். விரலில் மையோடு சிரித்துக்கொண்டே வந்தார். அவரோடு வந்த உறவுக்காரப் பெண்களும் சிரித்துக்கொண்டே வந்தார்கள். ரமணய்யாவும் ஒரு வகையில் சாவுக்கும் கல்யாணத்துக்கும் வருகிறவர், இன்னொரு வேட்பாளர் பால் ஊற்றுகிறவர், யார் மனசையும் நோகடிக்க வேண்டாம் என்று எல்லாருமாகப் பேசி ஒரு முடிவு செய்திருக்கிறார்கள். சின்னம்மா என் காதருகே வந்து, யாருக்கும் கேட்காமல் ரகசியமாகச் சொன்னார்:

"எல்லாருக்கும் ஒண்ணு ஒண்ணு குத்தினேன். நீ நம்ம பொண்ணாச்சேன்னு உனக்கு மட்டும் ரெண்டு குத்தினேன்."

ரமணய்யா கூட

எண்ணுகிற அன்று காலையிலிருந்தே மழை. உள்ளே ஃபோன் எடுத்துப் போகக்கூடாது. நானும் என் வீட்டுக்காரரும் இரண்டு ஃபோனையும் பத்மாவிடம் கொடுத்துவிட்டுப் போனோம். பத்மா என்னோடு லைனில் வேலை செய்கிற பெண், ஸ்ரீகாளஹஸ்திக்காரி. தமிழ் நன்றாகப் புரியும் என்று அவளே நினைத்துக்கொண்டிருக்கிறாள். சாயங்காலம் மைக்கில் அறிவித்தார்கள். நான் தோற்றேன். செல்லாத ஓட்டு எத்தனை என்று சொன்னார்கள், அது என் தோல்வியைவிடப் பெரியது. சின்னம்மாவின் இரண்டு குத்தும் அதில்தான் இருந்திருக்கும். ஒரு தூணுக்குப் பின்னால் போய் அழுதேன். என் வீட்டுக்காரர் மறைவு தேடவில்லை, நாற்காலியில் உட்கார்ந்தே அழுதார்.

அந்த நேரத்தில்தான் மகன் ஃபோனுக்கு மாமியார் கூப்பிட்டிருக்கிறார். இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். தெலுங்கில் 'ஓடிபோயிந்தி' என்றால் 'தோற்றுப்போனாள்' என்று அர்த்தம். வேறு எந்த அர்த்தமும் கிடையாது. பத்மாவும் தேம்பிக்கொண்டுதான் பேசியிருக்கிறாள். அவள் சொன்னதையும் அத்தை சொன்னதையும் பிறகு சேர்த்துவைத்துப் பார்த்ததில் பேச்சு இப்படி நடந்திருக்கிறது.

"இன்னாம்மா ஆச்சி? கௌரி எங்க?"

"அத்தம்மா, கௌரி அக்கா ஓடிபோயிந்தி!"

"ஐயையோ, ஓடிப்பூட்டாளா! எவன் கூட?"

போட்டி யாரோடு என்று கேட்கிறார் என நினைத்து, "ரமணய்யா கூட, அத்தம்மா."

"யாருமே பாக்கலையா?"

"எல்லாரும் சூசாரு. மைக்லயே சொல்லிட்டாரு."

"பாவி, போலீசு கூடவா இல்ல?"

"போலீசு பக்கத்துலயே உந்தி. ரமணய்யாக்கு மாலை கூட போட்டேசாரு."

"எம் புள்ள? எம் புள்ள எங்கம்மா?"

பத்மா எட்டிப் பார்த்துவிட்டு, தன் தமிழை எல்லாம் திரட்டி ஒரு முழு வாக்கியம் பேசியிருக்கிறாள். தப்பே இல்லாத தமிழ் அது ஒன்றுதான்:

"அண்ணா மட்டும் தனியா உக்காந்து அழுவுறாரு, அத்தம்மா."

அத்தை வந்தார்

எங்களுக்கு இது எதுவும் தெரியாது. தோற்ற துக்கத்தில் பத்மாவும் சொல்ல மறந்துவிட்டாள். ஓடையில் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. என் வீட்டுக்காரர் என் கையைப் பிடித்து இழுத்துக் கரைசேர்த்தார். வீட்டுக்கு வந்து, ஈரத்தைத் துடைத்து, டீ போட்டுக்கொண்டிருந்தேன். விளக்கு வைக்கிற நேரம். வாசலில் அத்தை வந்து நின்றார். இடுப்புக்கு மேல்வரை நனைந்திருந்தார். ஒரு கையில் செருப்பு, இன்னொரு கையில் முடிச்சுப் போட்ட பிளாஸ்டிக் பை. ஆட்டோக்காரர் ஓடைக்கு அந்தப் பக்கமே இறக்கிவிட்டுப் போய்விட்டாராம். அந்த வயதில், அந்தத் தண்ணீரில், யாரோ இரண்டு பேர் கையைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்திருக்கிறார்.

என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேராகப் போய் மகனின் மொட்டைத் தலையை மார்போடு அணைத்துக்கொண்டார். "போனா போறாடா தேவா. உசுரா போச்சி? நான் இல்ல உனக்கு?" என்று ஒரே அழுகை. நான் தோற்றதற்கு அத்தை இவ்வளவு தூரம் அழுவார் என்று நான் எதிர்பார்க்கவே இல்லை. எனக்கும் அழுகை வந்துவிட்டது. இத்தனை நாள் இந்த அம்மாளைத் தப்பாக நினைத்துவிட்டோமே என்று சூடாக ஒரு டம்ளர் டீயை நீட்டினேன். அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டே வாங்கினார். ஒரு வாய் குடித்தார். சர்க்கரை சரியாக இருந்தது போலிருக்கிறது, இன்னொரு வாய் குடித்தார். பிறகுதான் நிமிர்ந்து பார்த்தார்.

"நீ எப்படி திரும்பி வந்த?"

பத்மாவுக்கு ஃபோன் போட்டு விஷயம் புரிய வெகுநேரம் ஆயிற்று. புரிந்ததும் என் வீட்டுக்காரர் வெளியே போய்விட்டார். சிரிக்கத்தான் போனார், சுவர் தாண்டிக் கேட்டது. தெலுங்கில் தோற்றுப்போவதற்கு அப்படித்தான் சொல்வார்கள் என்று நான் தரையைப் பார்த்துக்கொண்டு விளக்கினேன். அத்தை என் காய்ந்த புடவை ஒன்றைக் கட்டிக்கொண்டு வந்து, தன் புடவையை வாசலில் நின்று பிழிந்தார். சேறும் தண்ணீருமாகக் கொட்டியது. பிழிந்த கையோடு இருட்டில் ஓடைச் சத்தம் வருகிற பக்கம் பார்த்தார். இந்தத் தண்ணீருக்காகத்தான் நின்றாயா என்று கேட்டார். ஆமாம் அத்தை என்றேன். கல்யாணமான நாளிலிருந்து அவர் என்னோடு சேர்ந்து ஒரு விஷயத்துக்குக் கோபப்பட்டது அதுதான் முதல் தடவை:

"வர்ற வழியெல்லாம் நெனச்சிக்கினேதான் வந்தேன்டி, இந்தத் தண்ணில எவளால ஓடிப்போவ முடியும்னு. ஓடிப்போவறதுக்காச்சும் ஒரு கல்வெர்ட்டு வோணாமா இந்த ஊருக்கு?"

மைக் வைத்து, நோட்டீஸ் அடித்து, இரண்டு பாஷையில் வீடு வீடாகக் கும்பிட்டு நான் புரியவைக்க முடியாததை அந்த ஓடை ஒரே சாயங்காலத்தில் ஒருத்திக்குப் புரியவைத்துவிட்டது, அந்த ஒருத்திக்கு ஓட்டு மட்டும் ஊத்துக்கோட்டையில்.